கத்தரிப் பாத்தியில் முளைத்த பூவரசு

மூன்று கிழமைக்கு முந்திய சனிக்கிழமை ஒரு பூவரசங் குருத்திடம் தோற்றுப்போனேன். சாதாரணத் தோல்வி இல்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடிக்க வேண்டி வந்தது... அப்படிப்பட்ட தோல்வி.

அதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிய வளவின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — மாசி போய்ப் பங்குனி பிறந்தால் நான் வளவைப் பற்றி எழுதாமல் இருக்க மாட்டேன். திட்டிக் கடிதம் போட்டாலும் எழுதுவேன்.

வசந்த காலம் என்று பாடப் புத்தகத்தில் நானே எத்தனையோ வருடம் படிப்பித்திருக்கிறேன். எங்கள் மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் அது எங்கே இருக்கிறது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். எங்களுக்குத் தெரிந்தது இரண்டுதான். மாரி, கோடை. ஒன்றில் வெள்ளம், மற்றதில் வெக்கை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம் போல நாலைந்து கிழமை வரும் பாருங்கள்! மண்ணுக்குள் ஈரம் இன்னும் இருக்கும். வெயில் இன்னும் கோபிக்கத் தொடங்கியிராது. வேம்பு பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும். மாமரம் பூத்து முற்றமெல்லாம் மணக்கும். குயில் விடியுமுன்னமே தொடங்கிவிடும்.

என் வீட்டுக்காரருக்குத் தும்மலும் தொடங்கிவிடும். மாம்பூ அவருக்கு ஆகாது. "உங்கட வசந்தம் என்ட மூக்குக்குள்ளதான் வருது ரீச்சர்" என்பார். நான் பென்சன் எடுத்து மூன்று வருடமாகிறது. அவருக்கு இன்னும் நான் ரீச்சர்தான். ஊருக்கும் அப்படித்தான்.

இந்த வருடப் பங்குனி இன்னும் விசேஷம். சண்டை முடிந்த பிறகு வந்த முதல் பங்குனி. எங்கேயோ ஒரு வெடிச் சத்தம் கேட்டால், கோயில் திருவிழா வெடி என்று நம்பலாம்... ஒரு நிமிடம் யோசித்த பிறகு. ரோட்டோரமெல்லாம் 'வசந்தம்' என்று எழுதிய அபிவிருத்திப் பெயர்ப்பலகைகள். வசந்தம் முதலில் பெயர்ப்பலகையில்தான் பூத்தது. பிறகுதான் மாமரத்தில்.

அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக, பக்கத்து வளவுக்கு யோகம் திரும்பி வந்தாள்.

யோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுனாமிக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய புருசனைக் கொண்டுபோய்விட்டது. தோணியை இழுத்துக் கட்டப் போனவர். வீடும் போனது. கையில் பன்னிரண்டு வயது மகள் மட்டும். அவள் வெல்லாவெளிப் பக்கம் தமக்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். சரி, கடல் வராத இடம் என்று பார்த்தால் இரண்டு வருடத்தில் அங்கே ஷெல் வந்தது. மகளையும் இழுத்துக்கொண்டு வாவியைக் கடந்து அகதி முகாம். திரும்பவும் தமக்கை வீடு. கடைசியாக இந்தத் தை மாதம், தன் சொந்த வளவில் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு வந்து குந்தினாள்.

ஏன் வந்தாள்? வீட்டுக்காக. ஒரு நிறுவனம் வீட்டுத் திட்டம் கொடுக்கிறது. சொந்த வளவில் இருந்தால்தான் பெயர் பதிவார்கள். மகளுக்கு இப்போது பதினேழு நடக்கிறது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? பெண்பிள்ளைக்கு வீடு இருக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். வீடில்லாத வீட்டுக்கு எந்தப் பெட்டி வரும்? நகை இல்லாமல் கல்யாணம் நடந்ததைக் கண்டிருக்கிறேன். வீடு இல்லாமல் நடந்ததைக் கண்டதில்லை.

அதனால் அந்த வீடு யோகத்துக்குச் சும்மா நாலு சுவர் இல்லை. அதுதான் எல்லாமே.

போன மாதக் கடைசியில் நிறுவனத்து உத்தியோகத்தர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். நல்ல மனிதர். முன்னால் அளந்தார், பின்னால் அளந்தார், நெற்றியைத் துடைத்தார். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் இத்தனை அடி இருக்க வேண்டும் என்று சட்டம். யோகத்தின் வளவு ஒடுங்கிய வளவு. கிணறு அந்தக் கரையில். குழியை எங்கள் வேலி ஓரமாகப் போட்டாலும் மூன்றடி குறைகிறது. முன்னுக்குப் போனால் ரோட்டு. பின்னுக்குப் போனால் அடுத்தவர் கிணறு.

"மூண்டு அடிதானே சேர்?" என்று யோகம் கேட்டாள்.

"மூண்டு அடியோ மூண்டு விரலோ... அளவு காணாட்டி மேல கையெழுத்து வைக்க மாட்டாங்க அம்மா. நான் என்ன செய்யிற? அடுத்த வியாழன் திரும்ப வாறன். வேற இடம் ஏதும் பாத்து வைங்க. இல்லாட்டி லிஸ்டில அடுத்த ஆளுக்குக் குடுக்கச் சொல்லிருவாங்க."

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாசமாய்ப் போன சட்டம்! அவளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஆறுதல் சொன்னேன். அது மட்டுமா? "நான் மேலிடத்துக்கு இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தாறன் புள்ள, யோசிக்காத" என்றும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் ரீச்சரக்கா" என்றாள்.

கடிதமும் எழுதினேன். நல்ல கடிதம். மனிதாபிமானம் என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் வேலி ஓரமாக எனக்கு ஒரு கத்தரிப் பாத்தி உண்டு. கடல் வந்து போன மண்ணில் முதல் இரண்டு வருடம் புல்லும் ஒழுங்காக முளைக்கவில்லை. வாவிக் கரையிலிருந்து மண் ஏற்றி, எரு போட்டு, மாரி மழைக்கு உப்புக் கழுவி, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்த பாத்தி அது. அதில் ஒரே ஒரு தொல்லை. ஒவ்வொரு வருடமும் மாரி முடிந்ததும் பாத்தி நடுவால் பூவரசு தளிர்க்கும். நான் வெட்டுவேன். அது தளிர்க்கும். அதற்கு முந்தின கிழமையும் வெட்டினேன். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்... விரல் நீளத்துக்குப் புதுக் குருத்து! பளபளவென்று, நேற்றுப் பிறந்த இலை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்றைக்கு உன்னை வேரோடு எடுக்காமல் விடுவதில்லை என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒரு முழம் தோண்டியிருப்பேன். கைப் பருமனில் ஒரு கட்டை. மேல் நுனி முறிந்து சிதறிப்போய் இருந்தது. அதன் இடுப்பில் ஒரு முட்கம்பி. கட்டிய கம்பி இல்லை — மரம் வளர்ந்து வளர்ந்து தனக்குள் விழுங்கிக்கொண்ட கம்பி. துருப்பிடித்த நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நுனியைப் பிடித்து இழுத்தேன். மண்ணுக்குள் கம்பி அசைந்தது. அசைந்த திசையில் இரண்டு எட்டுத் தள்ளி அடுத்த குருத்து. அங்கேயும் தோண்டினேன். அங்கேயும் கட்டை. அங்கேயும் கம்பி.

நிமிர்ந்து பார்த்தேன். கத்தரிச் செடிகளுக்கு நடுவால் ஏழு குருத்து. கயிறு பிடித்து நட்டது மாதிரி, ஒரே நேர்கோட்டில்.

விளங்கிவிட்டதா? எனக்கு விளங்கிவிட்டது. அது களை இல்லை. அது வேலி. கடல் வருவதற்கு முன்னால் எனக்கும் யோகத்துக்கும் நடுவில் நின்ற, பூவரசங் கிளைகளை நட்டு உயிரோடு வளர்த்த கதியால் வேலி. மேலே முறிந்துபோனாலும் அடி உயிரோடுதான் இருந்திருக்கிறது. இப்போது நிற்கிற என் வேலி அதிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம்.

மூன்றடி. யோகத்தின் பக்கம்.

இந்த இடத்தில் நான் உடனே ஓடிப்போய் யோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நீங்களும் நல்ல மனுசி என்பீர்கள். உண்மையில் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அந்தப் பக்கம் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தோண்டிய மண்ணை இழுத்து மூடினேன். காலால் மிதித்தும் விட்டேன்.

பிறகு வீட்டுக்குள் போனேன். அந்த இரண்டு கோப்பை தேத்தண்ணீர்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தும்மிவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தத் தென்னை?"

அந்தத் தென்னை! அதை மறந்தே போனேன். முன்பு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னை, இந்தப் பக்கம் ஒரு தென்னை நின்றது. கடல் வந்த பிறகு நின்றது ஒன்றுதான். வேலியும் இல்லை, மதிலும் இல்லை, எங்கே பார்த்தாலும் மணல். இரண்டு பேருடைய காணி உறுதிப் பத்திரமும் கடலோடு போய்விட்டது. புது வேலி போடக் கயிறு பிடித்தபோது, "விழுந்தது அவங்கட தென்ன, நிக்கிறது எங்கட" என்று சொன்னது யார்? நான்தான். மணல் மேட்டில் நின்றுகொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். அந்தத் தென்னையைத் தாண்டித்தான் வேலி போட்டோம். ஐந்து வருடமாக அதில் தேங்காய் பறித்துச் சம்பல் அரைத்திருக்கிறேன்.

"பொய் சொல்லல்லயே நான். அப்பிடித்தானே நினைச்சன்?" என்றேன்.

"பொய்யெண்டு ஆரு சொன்ன? பிழை. ஆனா ஒண்டு பாத்தீங்களா... அந்தப் பிழை அங்கால விழாம இஞ்சால விழுந்திரிக்கி."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? கணக்குப் பிழைக்கிறது, அளவு பிழைக்கிறது, ஞாபகம் பிழைக்கிறது. மனிதருக்குப் பிழைக்கத்தான் செய்யும். ஆனால் பத்தில் ஒன்பது பிழை ஏன் நம் பக்கம் லாபமாகவே வந்து விழுகிறது? யோகத்தைக் கேட்டிருக்கலாம். அவள் அப்போது ஊரில் இல்லை. ஆள் இல்லாத பக்கம் வேலியைத் தள்ளிப் போடுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது!

வியாழனுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. நான் மண்ணை மூடிவிட்டுப் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. யோகத்தின் வீடு லிஸ்டில் அடுத்த ஆளுக்குப் போகும். என் கத்தரி காய்க்கும். நான் எழுதிய இங்கிலீசுக் கடிதத்துக்கு ஊரில் நல்ல பெயரும் வரும்.

அதை நினைக்கத்தான் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து போனேன்.

யோகம் கொட்டிலுக்கு முன்னால் குந்திக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன வாவி மீன். நான் சுற்றி வளைக்கவில்லை. "யோகம், அந்த மூண்டு அடி என்ட பக்கம் கிடக்கு" என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "ஓம் ரீச்சரக்கா" என்றாள்.

"என்ன ஓம்? நான் சொல்றது விளங்குதா உனக்கு? பழைய வேலி என்ட கத்தரிப் பாத்திக்குள்ள நிக்கிது. கதியால் தளிர்த்திரிக்கி."

"தெரியும் ரீச்சரக்கா. வந்த அண்டைக்கே பாத்தன். அவர் நட்ட கதியால் எனக்குத் தெரியாதா? கயிறு பிடிச்சதே நான்தானே."

நான் பாத்திப் பக்கம் திரும்பினேன். "போன கிழமை நான் வெட்டக்குள்ள...?"

"பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன்."

அவர் நட்ட கதியால். அவர் கடலோடு போய் ஐந்து வருடத்துக்குப் பிறகும் தளிர்க்கிற கதியால். அதை நான் மண்வெட்டியால் கொத்திக் கொத்தி எறிந்துகொண்டிருக்க, இவள் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆர் மேல் என்று கேட்காதீர்கள். "உனக்கென்ன பைத்தியமா? வீடு கைய விட்டுப் போகப்போகுது! புள்ளைட வாழ்க்க! வாயத் திறந்து ஒரு சொல்லு சொல்லியிரிந்தா என்ன? நான் என்ன உன்னக் கடிச்சா திண்டிருவன்?"

அப்போதுதான் கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். மெல்லச் சொன்னாள்.

"எப்பிடி ரீச்சரக்கா கேக்கிற? கடல் வந்த அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில நாம எல்லாரும் கிடந்தமே... நான் கிழிஞ்ச பாவாடையோட சுவரப் பாத்துக்கிட்டு இரிந்தன். உங்களுக்கு மட்டக்களப்பு ரவுணில இரிந்து தங்கச்சி ரெண்டு சீல அனுப்பினா. அதில ஒண்ட எனக்குத் தந்தீங்க. அத உடுத்துக்கிட்டுத்தான், அவர்ட உடம்பு கரையொதுங்கின பிறகு, நான் அவர அடக்கப் போன. அந்தச் சீல இல்லாட்டி அவர்ட முகத்தையும் பாத்திரிக்க மாட்டன். அப்பிடிப்பட்ட உங்களோட மூண்டு அடிக்கு நிண்டு எல்லைச் சண்ட பிடிக்கிறதா? எனக்கு வாய் வரல்ல."

நான் அந்தச் சேலையை மறந்தே போயிருந்தேன். சத்தியமாக. என்ன நிறம் என்றுகூட இப்போதும் ஞாபகம் வரவில்லை. தங்கச்சி இரண்டு சேலை அனுப்பினாள், ஒன்றைக் கொடுத்தேன்... அவ்வளவுதான். எனக்கு அது அந்த நிமிடத்தோடு முடிந்த காரியம். அவளுக்கு அது முடியவில்லை. ஐந்து வருடமாக அந்தச் சேலையை அவள் சுமந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

அங்கேயே மணலில் குந்தி அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பூனை வந்து ஒரு மீனைக் கொண்டுபோனது. இரண்டு பேரும் அதைத் துரத்தவில்லை.

வாங்குகிறவர்களுக்கு வாய் வராது என்பது எனக்குத் தெரியாததா? நானும் வாங்கியவள்தானே. கடல் வந்த வருடம் ஒரு வெளிநாட்டு லொறி வந்தது. வரிசையில் நின்றேன். கம்பளிச் சட்டை ஒன்று தந்தார்கள். பனி பெய்கிற நாட்டில் போடுகிற, முழங்கால் வரைக்கும் தொங்குகிற கம்பளிச் சட்டை! மட்டக்களப்பு வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்று, வியர்த்து வழிய வழிய, "தாங்க்யூ, தாங்க்யூ" என்றேன். இது எனக்கு வேண்டாம், ஒரு வாளி இருந்தால் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. இங்கிலீசில் மனிதாபிமானம் எழுதத் தெரிந்த எனக்கே வரவில்லை. யோகத்துக்கு எப்படி வரும்?

இந்த ஐந்து வருடத்தில் எங்களுக்கு எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள்! தோணி, தகரம், தறப்பாள், தையல் மெஷின். எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் அடித்திருக்கும். கொடுத்தவர்கள் நல்லவர்கள். குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தோன்றுகிறது. ஒருவருக்கு நாம் ஒன்றைக் கொடுக்கிறபோது, அவர் நம்மிடம் நியாயம் கேட்கிற வாயையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நமக்கே தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலி பிரித்தோம். என் வீட்டுக்காரர் தும்மித் தும்மிக் கம்பி கழற்றினார். தூண்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து, தளிர் நின்ற கோட்டிலேயே நட்டோம். ஏழு பூவரசுக்கும் ஏழு முட்டுக் கொடுத்தோம். இனி அவை பாட்டுக்கு வளரட்டும்.

என் கத்தரியில் பாதி வரிசை யோகத்தின் பக்கம் போய்விட்டது. பூவும் பிஞ்சுமாக! "புடுங்கி இஞ்சால நட்டுத் தாறன்" என்றாள். வேண்டாம் என்றேன். மனமில்லாமல்தான் சொன்னேன் — பொய் சொல்வானேன்? தென்னையும் போனது. இப்போது நாங்கள் தேங்காய் கடையில் வாங்குகிறோம்.

வியாழக்கிழமை உத்தியோகத்தர் வந்தார். நாடாவைப் பிடித்தார். இன்னொரு தரம் பிடித்தார். "போன முறை நான்தான் பிழையா அளந்திட்டனோ?" என்று தலையைச் சொறிந்தார்.

"இல்ல சேர். நான்தான் பிழையா அடைச்சிட்டன்" என்றேன். சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. முப்பது வருடம் மற்றவர்கள் பிழைக்குச் சிவப்பு மை போட்டவள்.

அவர் சிரித்தார். கையெழுத்து வைத்தார். யோகத்தின் மகள் கொட்டிலுக்குள் ஓடிப்போய்விட்டாள். உள்ளே அவள் விம்முகிற சத்தம் வெளியே கேட்டது.

அத்திவாரத்துக்கு நாள் பார்த்தார்கள். "முதல் கல்ல நீங்கதான் வைக்கணும் ரீச்சரக்கா" என்று யோகம் கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சேலைக்கே ஐந்து வருடம் வாய் வரவில்லை. கல்லும் வைத்தால் ஆயுளுக்கும் வராது! "உன்ட மகள்ட வீடு. அவள் வைக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகள்தான் வைத்தாள். நான் கும்பலில் நின்று பார்த்தேன். சர்க்கரைச் சோறு மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனாலும் மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. வேலியை நகர்த்தியது நான். அப்போ இதுவும் நான் கொடுத்த இன்னொரு சேலை ஆகிவிட்டதா? அவளுடைய மண்ணை அவளிடம் விட்டதற்கும் அவள் எனக்குத் தலை குனிவாளா? அப்படியானால் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்?

நேற்றுப் பின்னேரம் வெளியே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். யோகம் வேலி ஓரத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். முகம் சிவந்துபோயிருக்கிறது. அன்றைக்குத்தான் அத்திவாரத்தில் பூசிய ஈரச் சீமெந்தில், ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும், என் பெட்டைக் கோழி நடந்து போயிருக்கிறது.

"ரீச்சரக்கா! இஞ்ச வந்து பாருங்க உங்கட கோழி செஞ்ச வேலைய! கோழி வளக்கத் தெரிஞ்சா மட்டும் காணாது, கட்டி வளக்கவும் தெரியணும்! இனி இஞ்சால வந்திச்செண்டா சட்டிக்குள்ளதான் போகும், சொல்லிட்டன்!"

கோழியைப் பிடித்துக் கட்டினேன். என் ஆயுளில் இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை.